ஸ்காட்லாந்தின் சூனிய வழக்கு ஆவணங்களை வாசிப்பது எப்படி?

சூனியம் செய்பவருக்கு மரணம். சூனியக்காரரிடம் போய் உதவி கேட்பவருக்கும் மரணம். 1563-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இப்படிச் சொன்னது. 1736-இல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 3,837 பேர் சூனியக் குற்றச்சாட்டுக்கு ஆளானதற்கு எழுத்துச் சான்று கிடைத்திருக்கிறது. அன்றைய ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

இந்தக் கணக்கை எடுத்தவர்கள் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வாளர்கள். ஜூலியன் குடேர், லாரன் மார்ட்டின், ஜாய்ஸ் மில்லர், லூயிஸ் யோமன் ஆகியோர் நாடெங்கும் சிதறிக் கிடந்த கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தொகுத்து, 2003-இல் ஒரு தரவுத்தளமாக வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி அதில் தேடலாம். ஒருவரின் பெயர், ஊர், வழக்கு நடந்த ஆண்டு, சாட்டப்பட்ட குற்றங்கள், சான்று எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக வரும். வரலாற்றுப் பயிற்சி இல்லாதவர்களும் எட்டிப் பார்க்கக்கூடிய அரிய இடம் அது.

ஆனால் அங்கே காணும் ஒவ்வொரு வரியும் குற்றம் சாட்டியவர்கள் எழுதிவைத்தது. போதகர், நீதிமன்ற எழுத்தர், நோட்டரி, நகர்மன்றக் கணக்கர் ஆகியோரின் எழுத்துதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் சொன்னதாக நாம் வாசிப்பது அவர்களை விசாரித்தவர்களின் பேனா வழியாக வந்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இந்த ஆவணங்களைத் திறக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லையென்றால், நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மனிதர்களுக்குச் சூட்டப்பட்ட பட்டத்தையே நாமும் யோசிக்காமல் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒரு குற்றச்சாட்டின் பாதை

பெரும்பாலான வழக்குகள் அக்கம்பக்கத்துச் சண்டையில் தொடங்கின. ஒருத்தி பால் கேட்கிறாள், அடுத்த வீட்டுக்காரர் இல்லை என்கிறார். அவள் முணுமுணுத்தபடி போகிறாள். சில நாட்களில் பசு செத்துப்போகிறது, அல்லது குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. முணுமுணுப்பு சாபமாக மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட சந்தேகங்கள் பல ஆண்டுகள் ஊருக்குள்ளேயே கிடக்கும். பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சண்டைகள்கூடப் பிற்பாடு சாட்சியமாக வந்து நிற்கும்.

1560-இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்டு நாடாக மாறிய பிறகு, ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த ஒரு சபை மன்றம் உருவானது. ஓய்வுநாளில் வேலை செய்தவர், தகாத உறவு வைத்தவர், தெருவில் வாய்ச்சண்டை போட்டவர் என எல்லாரையும் அழைத்து விசாரிப்பது அதன் வேலை. சூனியப் புகார்களும் முதலில் இங்கேதான் வந்தன. அந்த மன்றத்தின் குறிப்பேடுதான் பல வழக்குகளுக்கு முதல் ஆவணம்.

ஆனால் அந்த மன்றத்தால் மரண தண்டனை விதிக்க முடியாது. ஆகவே சாட்சியங்களைத் திரட்டி, கூடுமானால் ஒப்புதல் வாக்குமூலத்தையும் வாங்கி, எடின்பரோவிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது அரசரின் ஆலோசனைக் குழுவுக்கு, அனுப்புவார்கள். கவுன்சில் அந்த வட்டாரத்து நிலக்கிழார்கள் சிலரையே நீதிபதிகளாக நியமித்து ஓர் ஆணை கொடுக்கும். அவர்கள் ஊரிலேயே பதினைந்து பேர் கொண்ட ஜூரியைக் கூட்டி வழக்கை முடித்துவிடுவார்கள். தலைநகரின் உயர் குற்றவியல் நீதிமன்றத்தில் நேரடியாக நடந்த வழக்குகளும் உண்டு. ஆனால் அவை குறைவு.

இந்தப் பாதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு கட்டத்தின் காகிதமும் வேறு வேறு இடத்தில் தங்கியது. கவுன்சிலின் பதிவேடுகள் தலைநகரில் ஓரளவு பத்திரமாக இருந்தன. ஊரில் கூடிய தற்காலிக நீதிமன்றத்தின் குறிப்புகளோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. இதன் விளைவாக, நூற்றுக்கணக்கானோரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரை விசாரிக்க ஆணை வழங்கப்பட்டது என்ற ஒரே வரிதான். சிலருக்கு அதுவும் இல்லை. 3,837 பேரில் பெயர் தெரிந்தவர்கள் 3,212 பேர். மற்றவர்கள் பெயர் குறிப்பிடாமல் சூனியக்காரிகள் சிலர் என்று கும்பலாக எழுதப்பட்டவர்கள்.

முடிவு தெரியாதவர்கள்

ஆவணங்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. தரவுத்தளத்தில் ஒருவரின் தண்டனை விவரம் காலியாக இருந்தால், அவர் தப்பித்துவிட்டார் என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. முடிவு இன்னதென்று உறுதியாகத் தெரிந்தவர்கள் 305 பேர் மட்டுமே. அவர்களில் 205 பேருக்கு மரண தண்டனை, 52 பேருக்கு விடுதலை, 27 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். எஞ்சிய சிலர் தப்பி ஓடியவர்கள், சபையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் போன்றவர்கள்.

305-இல் 205 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இந்த விகிதத்தை மொத்த எண்ணிக்கைக்கும் பொருத்தினால் ஏறத்தாழ 2,500 என்ற கணக்கு வருகிறது. வரலாற்றாசிரியர்களும் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ அத்தனை பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் இது மதிப்பீடுதான் என்பதை மறக்கக் கூடாது. முடிவு தெரிந்த வழக்குகளில் பல, சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் வாதாடிய தலைநகர் நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. ஊர் நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் கொடுமையாக இருந்திருக்கலாம்.

மதிப்பீடு எப்படித் தடம் புரளும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு பாடம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்ஃப்ரீட் கிறிஸ்டியன் ஃபாய்க்ட் என்பவர், க்வெட்லின்பர்க் என்ற ஒரே ஊரின் சில வழக்குகளை எடுத்துக்கொண்டு, அதை ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கி, தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக எழுதினார். அந்த எண் இன்றைக்கும் உலவுகிறது. ஆவணங்களை ஊர் ஊராக எண்ணிப் பார்த்த இன்றைய ஆய்வாளர்கள், ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 50,000 பேர்வரை இருக்கலாம் என்கிறார்கள். பெரிய எண்ணைச் சொன்னால்தான் கொடுமை உறைக்கும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செத்தவர்களின் எண்ணிக்கையை நேர்மையாகச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

வாக்குமூலம் யாருடைய குரல்?

இந்த ஆவணங்களில் மனத்தை மிகவும் இழுப்பவை ஒப்புதல் வாக்குமூலங்கள்தான். மிகவும் ஏமாற்றுபவையும் அவைதான்.

ஆறாம் ஜேம்ஸ் மன்னர் டென்மார்க் இளவரசி ஆனியை மணந்து, 1590-இல் கப்பலில் திரும்பினார். பயணம் முழுக்கப் புயல் தொல்லை. புயலை ஏவியது சூனியக்காரர்கள் என்ற பேச்சு டென்மார்க்கில் முதலில் கிளம்பி, பிறகு ஸ்காட்லாந்திலும் பரவியது. அதே நேரத்தில் ட்ரனென்ட் என்ற ஊரில் டேவிட் சீட்டன் என்ற அதிகாரி, தன் வீட்டு வேலைக்காரப் பெண் கெய்லிஸ் டங்கன் நோயாளிகளைக் குணப்படுத்துவதையும் இரவில் வெளியே போவதையும் கண்டு சந்தேகப்பட்டார். அவளுடைய விரல்களைத் திருகுக் கருவியால் நசுக்கினார். தலையைக் கயிற்றால் முறுக்கினார். அவள் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அப்படி வந்த பெயர்களில் ஒன்று ஆக்னஸ் சாம்ப்சன், வைத்தியம் பார்ப்பதற்காகச் சுற்றுவட்டாரம் மதித்த பெண். மன்னரே நேரில் அவளை விசாரித்தார். 1591 ஜனவரியில் அவள் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் 53. அவற்றில் பெரும்பகுதி, இன்னாருடைய நோயை மந்திரம் சொல்லித் தீர்த்தாள் என்ற வகையைச் சேர்ந்தவை. கடலில் புயல் எழுப்பியது, நார்த் பெரிக் தேவாலயத்தில் சாத்தானைச் சந்தித்தது ஆகியவையும் சேர்க்கப்பட்டன. அவள் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது.

கெய்லிஸ் டங்கனுக்கும் மரண தண்டனைதான். 1591 டிசம்பரில் கொலைக்களத்தில் நின்றபோது, தான் பார்பரா நேப்பியர், யூஃபேம் மெக்கால்சியன் என்ற இரு பெண்கள் மீது சொன்னதெல்லாம் பொய் என்றும், சீட்டனும் மற்றவர்களும் தன்னைச் சொல்லவைத்தார்கள் என்றும் அறிவித்தாள். யூஃபேம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எரிக்கப்பட்டுவிட்டார். பார்பரா நேப்பியரின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. அவரை முக்கியக் குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி விடுவித்தது. சினமுற்ற மன்னர் அந்த ஜூரி உறுப்பினர்கள் மீதே வழக்குத் தொடுத்தார். ஒரு நாட்டின் அரசரே இப்படி நின்றால், அடுத்த வழக்கில் உட்காரும் ஜூரிக்கு என்ன துணிவு இருக்கும்?

வாக்குமூலத்தை வாங்கும் முறைகள் எப்போதும் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. அதிகாரப்பூர்வமான சித்திரவதைக்குப் பிரிவி கவுன்சிலின் அனுமதி தேவை. ஆனால் கைதியைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது சித்திரவதையாகவே கருதப்படவில்லை. ஊர்க்காரர்கள் முறை வைத்துக் காவல் இருந்து, அவள் கண் அயரும்போதெல்லாம் எழுப்புவார்கள். சில நாட்கள் தூக்கமில்லாமல் போனாலே மனிதருக்கு இல்லாதது தெரியும், கேட்காதது கேட்கும். எந்தக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லும் நிலை வந்துவிடும். வாக்குமூலத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. கணக்கேட்டில், இரவுக் காவலர்களின் கூலியிலும் மெழுகுவர்த்திச் செலவிலும் அது வெளிப்படும். அதனால்தான் ஒரு வழக்கை ஒரே ஆவணத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஊசி குத்துபவர்களும் இருந்தார்கள். சாத்தான் தன் அடியார்களின் உடலில் ஓர் அடையாளம் வைப்பான், அங்கே குத்தினால் வலிக்காது, ரத்தம் வராது என்பது நம்பிக்கை. ஜான் கின்கெய்ட் என்பவர் கூலி வாங்கிக்கொண்டு இந்த வேலையை ஊர் ஊராகச் செய்தார். வடக்கே இதே தொழிலைச் செய்த ஜான் டிக்சன் என்பவர், உண்மையில் ஆண் வேடமிட்ட கிறிஸ்டியன் கேடெல் என்ற பெண் என்பது 1662-இல் தெரியவந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், அனுமதியின்றி ஊசி குத்துவதையும் சித்திரவதை செய்வதையும் பிரிவி கவுன்சில் தடை செய்தது. கின்கெய்டும் சிறையில் அடைக்கப்பட்டார்.

அதே ஏப்ரலில்தான் வடகிழக்கிலிருக்கும் ஆல்டர்ன் என்ற ஊரில் இசபெல் கௌடி தன் முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தார். ஆறு வார இடைவெளியில் மொத்தம் நான்கு. பிரிட்டனில் கிடைத்திருக்கும் சூனிய வாக்குமூலங்களிலேயே இவ்வளவு செழிப்பான கற்பனையும் விவரமும் கொண்டவை வேறில்லை. முயலாக மாறிக் காட்டில் ஓடியது, அதற்குச் சொன்ன மந்திரப் பாட்டு, குன்றுக்குள் போய், நாட்டுப்புறக் கதைகளில் வரும் தேவதைகளின் அரசியிடம் வயிறு கொள்ளாத அளவுக்கு உணவு வாங்கி உண்டது என ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. வறுமையில் வாழ்ந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். அந்த விருந்துகள் திரும்பத் திரும்ப வருவதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. வாக்குமூலங்களை எழுதியவர் ஜான் இன்னஸ் என்ற நோட்டரி. சாத்தானோடு செய்த ஒப்பந்தம், ஞானஸ்நானத்தை மறுதலித்தது போன்றவற்றை அவர் முழுமையாக எழுதுகிறார். தேவதைகளின் அரசி உடுத்தியிருந்த வெள்ளை ஆடை, அரசனின் அகன்ற முகம் என்று இசபெல் சொல்லத் தொடங்கியதும், சில சொற்களோடு நிறுத்தி, முதலியன என்று போட்டுவிடுகிறார். நீதிமன்றத்துக்குத் தேவதைகள் தேவைப்படவில்லை, சாத்தான் தேவைப்பட்டான். இசபெல் மேற்கொண்டு என்ன சொன்னார் என்பது அந்தச் சொல்லோடு போய்விட்டது. கட்டாயம் ஏதுமின்றித் தானாகவே ஒப்புக்கொண்டதாக ஆவணம் சொல்கிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

கணக்கேடு சொல்வது

1633-இல் கர்காடி நகரில் ஆலிசன் டிக் என்ற பெண்ணும் அவளுடைய கணவர் வில்லியம் கோக்கும் தெருவில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். திட்டில் சூனியம் பற்றிய பேச்சும் வந்தது. சபை மன்றம் விசாரிக்கத் தொடங்கியது. செப்டம்பரில் வீட்டுச் சண்டையாக இருந்தது, நவம்பரில் இருவரின் மரணத்தில் முடிந்தது. அந்தச் செலவுக் கணக்கு தப்பிப் பிழைத்திருக்கிறது. பத்துச் சுமை நிலக்கரிக்கு 3 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். தார் பீப்பாய் 14 ஷில்லிங். கயிறு 6 ஷில்லிங். இருவருக்கும் முரட்டுத் துணி உடுப்பு 3 பவுண்டு 10 ஷில்லிங், அதைத் தைக்க 8 ஷில்லிங். தண்டனையை நிறைவேற்றியவரின் கூலி 8 பவுண்டு 14 ஷில்லிங். செலவைத் திருச்சபையும் நகரமும் பங்கிட்டுக்கொண்டன.

எந்த வாக்குமூலத்தையும்விட இந்தக் கணக்கு நம்பத்தகுந்தது. இதை எழுதியவருக்கு எவரையும் எதையும் நம்பவைக்கும் தேவை இருக்கவில்லை. கயிறு எதற்கு என்பதும் இதிலிருந்தே புரியும். ஸ்காட்லாந்தில் பொதுவாக முதலில் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு உடலைத்தான் எரித்தார்கள். உயிரோடு எரிக்கப்பட்டவர்கள் உண்டு, யூஃபேம் மெக்கால்சியன் அவர்களில் ஒருவர். ஆனால் அது வழக்கத்துக்கு மாறான கடுந்தண்டனை.

பரவலான வேறு சில நம்பிக்கைகளையும் ஆவணங்கள் திருத்துகின்றன. மருத்துவச்சிகளையும் நாட்டு வைத்தியம் செய்த பெண்களையும் ஒழிக்கவே இந்த வேட்டை நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்துப் பதிவுகளில் நாட்டு வைத்தியத்தோடு தொடர்புடையவர்கள் சுமார் 4 விழுக்காடுதான். மருத்துவச்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக்னஸ் சாம்ப்சன் புகழ்பெற்றவர் என்பதால் எல்லாரும் அவரைப் போன்றவர்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. தனிமையில் வாழ்ந்த கைம்பெண்களே அதிகம் என்பதும் சரியில்லை. மணநிலை தெரிந்தவர்களில் திருமணமாகிக் கணவரோடு இருந்தவர்களே பெரும்பான்மை. பெண்கள்தான் குறிவைக்கப்பட்டார்கள் என்பது மட்டும் அசைக்க முடியாத உண்மை. மொத்தத்தில் 84 விழுக்காட்டினர் பெண்கள்.

வேட்டை எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராக நடக்கவில்லை என்பதையும் பதிவுகள் காட்டுகின்றன. 1590–91, 1597, 1628–30, 1649–50, 1661–62 ஆகிய ஐந்து அலைகளில்தான் வழக்குகள் குவிகின்றன. கிழக்கு லோதியன், ஃபைஃப் போன்ற பகுதிகளில் அடர்த்தி மிக அதிகம். தலைநகரத்துக்கு அருகில் இருந்ததும், சபை நிர்வாகம் இறுக்கமாக இருந்ததும் காரணங்கள். கடைசி அலைக்கு முன்பு, மன்னராட்சியை அகற்றி ஆண்ட கிராம்வெல்லின் ஆங்கிலேய நீதிபதிகள் 1650-களில் இத்தகைய வழக்குகளை அவ்வளவாக ஊக்குவிக்கவில்லை. மன்னராட்சி திரும்பியதும், தேங்கிக் கிடந்த புகார்களெல்லாம் ஒரேயடியாக வெடித்தன.

பெயரும் தேதியும்

நீங்களே தேடப் போகிறீர்கள் என்றால், நடைமுறைச் செய்திகள் இரண்டு. அக்காலத்தில் எழுத்துக்கூட்டலுக்கு நிலையான விதி இல்லை. ஒரே பெண்ணின் பெயர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வரும். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தந்தை வழிக் குடும்பப் பெயரையே வைத்திருந்தார்கள். அதனால் கணவரின் பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்காது. அடுத்து, 1600-க்கு முன்பு ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. ஆக்னஸ் சாம்ப்சனின் விசாரணை நம் கணக்கில் 1591 ஜனவரி. மூல ஆவணத்தில் 1590 என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

முதலில் யாருடைய பதிவைப் பார்ப்பது என்று கேட்டால், லிலியஸ் ஆடி என்பேன். ஃபைஃப் பகுதியின் டோரிபர்ன் ஊரைச் சேர்ந்த முதியவர். 1704-இல் அவரைச் சபை மன்றம் பலமுறை விசாரித்தது. குறிப்பேடு முழுமையாகக் கிடைக்கிறது. சாத்தானைச் சந்தித்ததாக அவர் ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று துருவியபோது, சில பெயர்களுக்கு மேல் சொல்லவில்லை. மற்றவர்கள் முகத்தை மறைத்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை என்றார். விசாரித்தவர்களின் குறிப்பேட்டிலேயே, அவர்கள் அறியாமல், பிறரைக் காட்டிக்கொடுக்க மறுக்கும் ஒரு மூதாட்டியின் உறுதி பதிவாகியிருப்பதாக நான் வாசிக்கிறேன்.

லிலியஸ் தண்டனைக்கு முன்பே சிறையில் இறந்தார். கடற்கரைச் சேற்றில், அலை ஏறி இறங்கும் இடத்தில், கனமான கற்பலகையை மேலே வைத்துப் புதைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். மண்டையோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம்வரை போய், பிறகு காணாமல் போனது. ஆனால் அதன் பழைய ஒளிப்படங்கள் எஞ்சியிருந்தன. 2017-இல் டண்டி பல்கலைக்கழக வல்லுநர்கள் அவற்றைக் கொண்டு அவருடைய முகத்தைக் கணினியில் மீட்டுருவாக்கினார்கள். இந்த ஆயிரக்கணக்கானோரில் நாம் முகம் பார்க்க முடிந்தவர் அவர் ஒருவர்தான் என்கிறார்கள்.

2022 மார்ச் 8 அன்று, ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன், 1563 சட்டத்தின் கீழ் துன்புறுத்தப்பட்ட எல்லாரிடமும் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையும் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பைக் கேட்டுப் போராடியவர்கள் முன்வைத்த எண்ணிக்கைகள், 2003-இல் அந்த ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலிலிருந்து வந்தவை. மன்னிப்பு கேட்பது வேறு, தீர்ப்புகளைச் சட்டப்படி ரத்து செய்வது வேறு. 1563 சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டவர்களுக்கு அந்த இரண்டாவதும் கிடைக்க வேண்டும் என்பது போராடியவர்களுடைய கோரிக்கை, என்னுடையதும்.